யாருய்யா எட்டப்பன்?

டிஸ்கி: ஸ்ட்ராட்டஜி கேம் பக்கமே போகாதவர்களும் இதைப் படிக்கலாம். தாயம் ஆடியிருந்தால் போதும்.

விளையாட்டில் கூட்டணியை உடைத்தவனை எட்டப்பன் என்று திட்டுவதை முதலில் நிறுத்துங்கள் மக்களே. இரண்டு காரணம். ஒன்று, அவன் செய்தது தப்பே இல்லை. இரண்டு, எட்டப்பனே அதைச் செய்யவில்லை.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டபொம்மனோடு எட்டயபுரத்துக்காரர் எந்தக் காலத்தில் கூட்டணி வைத்திருந்தார்? பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைத் தகராறு. கம்பெனி பக்கம் எட்டயபுரம் வெளிப்படையாகவே நின்றது. 1799ல் பாஞ்சாலங்குறிச்சி மீது படை வந்தபோது எதிர்ப்பக்கம்தான் இருந்தது. ஊருக்கே தெரிந்த எதிரி அவர். கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்ததோ புதுக்கோட்டைத் தொண்டைமான். அந்த வருஷம் அக்டோபர் 16ல் கயத்தாற்றில் தூக்கு. ஆனால் 1959ல் சிவாஜி படம் வந்தது, ‘எட்டப்பன்’ என்பது வசவாகவே நிலைத்துவிட்டது. வெள்ளைக்காரனுக்குத் துணை போனதற்காக எட்டயபுரத்தைத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். ‘கூட இருந்தே குழி பறித்தான்’ என்று திட்டுவதற்கு, ஒரு நாளாவது கூட இருந்திருக்க வேண்டாமா?

நிற்க. விஷயத்துக்கு வருவோம்.

எங்கள் விடுதியில் சனிக்கிழமை ராத்திரி எட்டு லேப்டாப்பை ஒரு ஸ்விட்சில் கோத்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஓடும். 1999ல் வந்த கேம்; ஆடுகிற நாங்கள் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை. 2022ல் அதன் புதிய பதிப்பில் திராவிடர்களையும் ராஜேந்திர சோழனையும்கூடச் சேர்த்துவிட்டார்கள், ஆனால் எங்கள் பசங்களுக்குப் பழைய கான்கரர்ஸ்தான் உயிர். எட்டு பேரும் தனித்தனி. யாரும் யாருக்கும் சொந்தமில்லை. ஆட்டத்தின் நடுவில் வேண்டியவனோடு கூட்டு சேரலாம், வேண்டாதபோது முறிக்கலாம். அதற்கென்றே திரையில் ஒரு பலகை இருக்கிறது: நட்பு, நடுநிலை, பகை. மூன்றில் ஒன்றைத் தொட்டால் வேலை முடிந்தது.

பி.காம் படிக்கிறவன் என்பதால் எனக்கு இந்தப் பலகையைவிட அதன் பின்னால் இருக்கும் கணக்குதான் பிடிக்கும். கூட்டாளிக்குத் தங்கமோ தானியமோ அனுப்பினால் கேம் 30 சதவீதம் கமிஷன் பிடித்துக்கொள்ளும். ‘நாணயம்’ என்ற ஆராய்ச்சியைச் செய்தால் அது 20 ஆகும். ‘வங்கி’ வரை போனால்தான் கமிஷனே இல்லை. வியாபார வண்டி எவ்வளவு தூரத்துச் சந்தைக்குப் போகிறதோ அவ்வளவு தங்கம். அதாவது, பக்கத்து வீட்டுக்காரனைவிட மேப்பின் கடைசி மூலையில் இருப்பவனோடு சமாதானமாக இருப்பதில்தான் லாபம் அதிகம். கேமைச் செய்தவர்கள் நம்மை எங்கே தள்ளுகிறார்கள் பாருங்கள். முகம் தெரியாதவனோடு பேசு, கணக்குப் போடு, நம்பு, நம்பும்போதே கொஞ்சம் மதில் கட்டிக்கொள். இதுதான் ஆட்டம்.

நடப்பது என்ன? ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கூட்டணி முடிந்துவிடுகிறது. ஒரே அறைக்காரர்கள் மூன்று பேர். ஒரே ஊர்ப் பஸ்ஸில் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தன் இன்னொருத்தனுக்கு மெஸ் காசு பாக்கி. திரையில் எல்லோரும் ‘பகை’ என்று இருப்பார்கள், ஆனால் பதினைந்தாம் நிமிடம் மூன்று திசையிலிருந்து மூன்று படை ஒரே ஒருவன் வீட்டுக் கதவைத் தட்டும். அந்த ஒருவன் பெரும்பாலும் வேறு டிபார்ட்மென்ட்காரன், அல்லது வேறு ஊர்க்காரன், அல்லது யாரோடும் டீ குடிக்கப் போகாதவன். வடகவுஞ்சி மலையிலிருந்து இறங்கி வந்து, ஊர்க்காரன் என்று ஒரு ஜீவனும் விடுதியில் இல்லாதவன் என்ற முறையில், முதலில் சாகும் கௌரவம் எனக்குப் பலமுறை வாய்த்திருக்கிறது :-)

அப்போதெல்லாம் யாரும் யாரையும் எட்டப்பன் என்று திட்டியதில்லை. “அவனுங்க ஃப்ரெண்ட்ஸ்டா, அப்படித்தான் ஆடுவானுங்க.” அவ்வளவுதான். ஆனால் ஒரு மணி நேரம் கழித்து, மிச்சமிருக்கும் நாலு பேரில் ஒருவன் கூட்டாளி மேல் யானைப்படையை ஏவிவிட்டால் போதும்... விடுதியே கொந்தளிக்கும். இரண்டு நாளைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு தடவை சார்ஜரைக் கடன் கொடுக்க மறுத்த அளவுக்குப் போனது.

நான் சொல்வது இதற்கு நேர் எதிர். விளையாட்டுக்குள் போட்ட ஒப்பந்தத்தை விளையாட்டுக்குள் உடைப்பவன் விளையாடுகிறான். வெளியிலிருந்து கூட்டணியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வருபவன்தான் ஏமாற்றுகிறான்.

பிசினஸ் லா பேப்பரில் பால்ஃபர் எதிர் பால்ஃபர் வழக்கை மனப்பாடம் செய்யாத காமர்ஸ் பையன் இருக்க முடியாது. 1919ல் இங்கிலாந்தில் தீர்ப்பான வழக்கு. கணவர் இலங்கையில் அரசு வேலை பார்த்தவர். விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் அங்கேயே தங்க, மாதம் 30 பவுண்டு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு இவர் கப்பல் ஏறினார். பிறகு பிரிந்துவிட்டார்கள். அந்த அம்மா கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். புருஷன் பெண்டாட்டி வீட்டுக்குள் சொல்லிக்கொள்ளும் வாக்குறுதி சட்டப்படியான ஒப்பந்தம் ஆகாது, கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்ற எண்ணத்தோடு அது செய்யப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். (அந்த அம்மா பாவம் என்பது என் சொந்தக் கருத்து, பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்காது.) ஆக, ஒரு வாக்குறுதிக்கு எவ்வளவு பலம் என்பது அது எந்த இடத்தில், எந்த எண்ணத்தோடு சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்தது. வீட்டில் சொன்னதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாதென்றால், கேமில் சொன்னதை மட்டும் எப்படி மெஸ் வாசலுக்குக் கொண்டுவருகிறீர்கள்?

தண்டனையே கிடையாதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மளிகைக் கடையில் பாக்கி வைத்தவனுக்கு அடுத்த மாசம் கடன் கிடைக்காது, அதே தண்டனைதான். அடுத்த சனிக்கிழமை அவனை எவனும் சேர்த்துக்கொள்ள மாட்டான். சேர்த்துக்கொண்டாலும் எல்லையில் இரண்டு கோட்டை கட்டிவிட்டுத்தான் கை குலுக்குவான். ஆட்டத்தில் வந்த பாக்கியை ஆட்டத்திலேயே வசூலிக்கலாம். அதற்குச் சார்ஜர் எதற்கு?

இது நானாகக் கண்டுபிடித்த நியாயம் இல்லை. ‘டிப்ளமசி’ என்று ஒரு பலகை விளையாட்டு உண்டு. ஆலன் கேல்ஹேமர் என்ற அமெரிக்கர் உருவாக்கி 1959ல் வெளியானது. முதல் உலகப்போருக்கு முந்தைய ஐரோப்பா, ஏழு வல்லரசுகள், ஏழு ஆட்கள். பகடை கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் யாரோடு வேண்டுமானாலும் தனியாகப் பேசலாம், எந்தச் சத்தியமும் செய்யலாம். பிறகு ஆளாளுக்கு உத்தரவை ரகசியமாகத் தாளில் எழுதி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரிப்பார்கள். சத்தியம் யாரையும் கட்டுப்படுத்தாது. முதுகில் குத்துவதற்காகவே செய்த விளையாட்டு என்று பெயர். இதை இணையத்தில் ஆடும் வெப்டிப்ளமசி தளத்தில் பொய் சொல்லலாம், காட்டிக்கொடுக்கலாம், எல்லாம் அனுமதி. ஒன்றுக்குத்தான் அனுமதி இல்லை. நண்பன், உறவுக்காரன், வேறொரு ஆட்டத்தில் உதவி செய்தவன் என்று ஆட்டத்துக்கு வெளியே உள்ள காரணத்துக்காகக் கூட்டணி வைக்கக்கூடாது. துரோகத்தையே தொழிலாக வைத்திருப்பவர்கள் எதைத் துரோகம் என்கிறார்கள், பார்த்தீர்களா?

இதே விளையாட்டில் மெட்டா நிறுவனத்தின் ‘சிசரோ’ என்ற கணினி நிரல், இணையத்தில் முகம் தெரியாத மனிதர்களோடு 40 ஆட்டம் ஆடி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தது. 2022ல் வந்த செய்தி. சாட்டில் பேசிப் பேசியே கூட்டணி பிடித்ததாம். அதற்கு ரூம்மேட் இல்லை, ஊர்ப் பஸ் இல்லை, வேறு என்ன செய்யும்? எங்கள் விடுதிக்கு வந்திருந்தால் பதினைந்தாம் நிமிடம் காலி.

இன்னொரு உதாரணம் ‘ஈவ் ஆன்லைன்’. ஐஸ்லாந்து நிறுவனம் ஒன்று 2003ல் தொடங்கிய விண்வெளி கேம். ஆயிரக்கணக்கானோர் கொண்ட கூட்டணிகள், வருஷக்கணக்கில் போர். அங்கே கொடி கட்டிப் பறந்தது ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ கூட்டணி. 2009 பிப்ரவரியில் அதன் நிர்வாகிகளில் ஒருவரே எதிரிக் கூட்டணியான ‘கூன்ஸ்வார்ம்’ பக்கம் சாய்ந்தார். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. நிர்வாகி என்ற முறையில் தனக்கிருந்த அதிகாரத்தை வைத்துக் கூட்டணியையே கலைத்துவிட்டார். பல வருஷ உழைப்பு ஒரே ராத்திரியில் போயிற்று. ஆனாலும் நிறுவனம் அதை மாற்றவில்லை. ஆட்டத்துக்குள் நடந்தது, செல்லும்.

இதே கூட்டணி சம்பந்தப்பட்ட இன்னொரு விவகாரம் 2007ல் வெளியே வந்தது. கேமை நடத்தும் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் இந்தக் கூட்டணியில் ஆடிக்கொண்டிருந்தார். விலைமதிப்பில்லாத சில வரைபடங்களை முறைகேடாக எடுத்துக் கொடுத்திருந்தார். அதற்குத்தான் ரகளை. நிறுவனம் தன் ஊழியர்களைக் கண்காணிக்க உள் விசாரணைப் பிரிவு அமைக்க வேண்டி வந்தது, 2008ல் ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலும் வந்தது. ஒப்பிட்டுப் பாருங்கள். சில வரைபடங்களுக்கு அவ்வளவு கலவரம், ஒரு சாம்ராஜ்யமே கவிழ்ந்ததற்கு ‘செல்லும்’ என்ற ஒரே சொல். அந்த ஊர்க்காரர்களுக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் கேம் எல்லாம் வெட்டி வேலை என்பவர்களுக்காகச் செஸ்ஸுக்கு வருகிறேன். செஸ்ஸில் என்ன கூட்டணி என்று கேட்காதீர்கள். எட்டு பேர் ஆடும் போட்டியில் நிச்சயம் உண்டு. 1962ல் குராசாவ் தீவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் பெட்ரோசியன், கெரெஸ், கெல்லர் என்ற மூன்று சோவியத் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டமும் டிரா. பன்னிரண்டும்! தங்களுக்குள் மோதும்போது ஓய்வு, மற்றவர்களோடு மோதும்போது முழு பலம். பாபி ஃபிஷர் பத்திரிகையில் எழுதிக் கிழித்தார். அதன்பிறகு ஃபிடே அந்தப் போட்டியையே நேருக்கு நேர் மோதும் நாக்அவுட் முறைக்கு மாற்றியது.

இப்போது மறுபடியும் எட்டு பேர் போட்டிதான். ஆனால் ஒரு ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஒரே நாட்டுக்காரர்கள் தங்களுக்குள் முதல் சுற்றுகளிலேயே மோதி முடித்துவிட வேண்டும், கடைசியில் விட்டுக்கொடுக்க வாய்ப்பு இருக்கக்கூடாது. 2024ல் டொரண்டோவில் மூன்று இந்தியர்கள். முதல் சுற்றில் குகேஷும் விதித்தும் டிரா. இரண்டாம் சுற்றில் குகேஷ் பிரக்ஞானந்தாவை வீழ்த்தினார். மூன்றாம் சுற்றில் பிரக்ஞானந்தா விதித்தை வீழ்த்தினார். குகேஷும் பிரக்ஞானந்தாவும் ஒரே சென்னைக்காரர்கள், சின்ன வயசிலிருந்து ஒரே போட்டிகளில் வளர்ந்தவர்கள். கடைசியில் குகேஷ் 14க்கு 9 எடுத்தார். அடுத்து வந்த மூன்று பேரும் 8.5. அரைப் புள்ளி! “நம்ம பையன், டிரா பண்ணிக்கலாம்” என்று இரண்டாம் சுற்றில் கை குலுக்கியிருந்தால் அந்த அரைப் புள்ளி எங்கே போயிருக்கும்? அந்த டிசம்பரில் உலக சாம்பியன் யாராக இருந்திருப்பார்? பிரக்ஞானந்தா குகேஷை எட்டப்பன் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, வீட்டுக்கே வருவோம். தாயம். நாலு பேர் ஆட்டத்தில் எங்கள் பக்கம் ஒரு வெட்டாவது வெட்டினால்தான் காயை உள்ளே கொண்டுபோக முடியும். வெட்டு வாங்காதவன் வெளியிலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதில் எல்லா வீட்டிலும் ஒரு அத்தை இருப்பார். சொந்த மகளின் காய் எதிரிலேயே நிற்கும், சரியாக ஆறு விழும், அத்தை வெட்ட மாட்டார். “அந்தக் காயை நகத்துறேன்” என்பார். அடுத்த முறை மகளுக்கு வெட்டு தேவை என்றால் தன் காயைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்துவார். சிரித்துக்கொண்டேதான். அதே அத்தை, எதிரெதிரே உட்கார்ந்து ஜோடி சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் மகளுக்கு உதவினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அது எல்லோருக்கும் தெரிந்த ஜோடி. தனி ஆட்டம் என்று சொல்லிவிட்டு ஜோடி ஆட்டம் ஆடுவதுதான் பிரச்சினை. நண்பர்கள் சேர்ந்து ஆட ஆசைப்பட்டால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸிலும் நாலுக்கு நாலு என்று டீமைப் பூட்டிவிட்டு ஆடலாமே, யார் வேண்டாம் என்றது?

இதில் என்ன பெரிய விஷயம், வெறும் கேம்தானே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அறை எண் என்று நான் நாகரிகமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். விடுதியில் யார் யாரோடு அறை எடுக்கிறான் என்பதற்குப் பின்னால் ஊர் இருக்கிறது. ஊருக்குப் பின்னால் தெரு இருக்கிறது. தெருவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. “நம்ம பையன்” என்ற இரண்டு சொல்லை வைத்து இங்கே வேலை கிடைக்கிறது, சீட்டு கிடைக்கிறது, ஓட்டு விழுகிறது. பிறந்த இடத்தைப் பார்க்காமல் பேசுகிற பேச்சை மட்டும் பார்த்து ஒருவனோடு சேரலாம் என்று ஒரு இடம் மூன்று மணி நேரத்துக்குக் கிடைக்கிறது. அதிலும் அதே தெருவைக் கொண்டுவந்து போட்டால் எப்படி?

“முன்னோர்கள் கூட்டணிக்காக உயிரையே விட்டார்கள்” என்று வசனம் பேசும் சீனியர் ஒருவர் எங்கள் விடுதியில் உண்டு. அவருக்காக எங்கள் மலையடிவாரத்துக் கதை ஒன்று. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் விருப்பாச்சி. பலருக்கு மலைவாழைப்பழத்தின் பெயராகத்தான் தெரியும். 1772ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்த ஊர். சிவகங்கை ராணிக்கு இடம் கொடுத்தவர் விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர். படை உதவி செய்தவர் மைசூர் ஹைதர் அலி. 1780ல் ராணி சிவகங்கையை மீட்டார். பிறகு 1800ல் அதே கோபால் நாயக்கர், மருது சகோதரர்களோடும் வடக்கே தூந்தாஜி வாக்கோடும் சேர்ந்து கம்பெனிக்கு எதிராக நின்றார். அந்த ஜூனில் கோயம்புத்தூர்க் கோட்டையைப் பிடிக்கும் திட்டம் தோற்றது, செப்டம்பரில் தூந்தாஜி கொல்லப்பட்டார், 1801ல் கோபால் நாயக்கரைத் தூக்கிலிட்டார்கள். அக்டோபர் 24ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களை.

இந்தப் பட்டியலில் ஒரே தெருக்காரர்கள் யார் இருக்கிறார்கள்? சொந்தத்தைத் தாண்டி, சாதியைத் தாண்டி, பாஷையையும் மதத்தையும் தாண்டிப் போய்ப் பேசிச் சேர்த்தது அது. அண்டை பாளையமான எட்டயபுரமும் புதுக்கோட்டையும் எதிரில் நின்றபோது மைசூரும் மராட்டியமும் இந்தப் பக்கம். சீனியர் அண்ணாச்சி, இதை எடுத்துக்கொண்டு வந்து மூன்று ரூம்மேட்டுகளின் கும்மாங்குத்துக்கு முட்டுக்கொடுத்தால் கோபால் நாயக்கருக்கே அடுக்காது. உயிர் போன இடத்தில் சொல்ல வேண்டிய சொல் துரோகம். யானைப்படை போன இடத்தில் அதைச் செலவழிக்காதீர்கள்.

ஒரே ஒரு எதிர்வாதத்தைத்தான் நான் மதிக்கிறேன். மாதக்கணக்கில் ஓடும் மொபைல் கேம்களில் மனிதர்கள் நிஜக் காசு போடுகிறார்கள், தூக்கத்தைத் தொலைக்கிறார்கள், அங்கே உடைப்பது வலிக்கும் என்பது. வலிக்கும்தான். ஆனால் அங்கேயும் பெரிய அடி எங்கிருந்து விழுந்தது என்று யோசியுங்கள். 2020 ஜூன் 15ல் கல்வான் மோதல், நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். ஜூன் 29ல் மத்திய அரசு 59 சீன ஆப்களைத் தடை செய்தது. டிக்டாக் பற்றி எல்லோரும் பேசினார்கள். அதே பட்டியலில் ‘கிளாஷ் ஆஃப் கிங்ஸ்’ இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அது முழுக்க முழுக்கக் கூட்டணியை வைத்தே ஓடும் கேம். வெளிநாட்டுக்காரர்களோடு சேர்ந்து கோட்டை கட்டிக்கொண்டிருந்த இந்தியர்களுக்கு அந்த வாசல் மூடப்பட்டது. தடை சரியா தப்பா என்பது வேறு பஞ்சாயத்து. ஆட்டத்துக்குள் யாரும் யாரையும் குத்தவில்லை. ஆட்டத்துக்குள் குத்தியிருந்தால் திருப்பிக் குத்தியிருக்கலாம். வெளியிலிருந்து வருவதற்கு எந்த நகர்த்தலும் பதிலாகாது. மூன்று ரூம்மேட்டுகளிடம் மாட்டுகிறவனின் நிலைமையும், சின்ன அளவில், அதேதான்.

எனவே சனிக்கிழமைக் கோஷ்டிக்கு என் கோரிக்கை. பழைய கான்கரர்ஸில் பெயரை நாமே அடித்துக்கொள்ளலாம் அல்லவா? துண்டுச் சீட்டு குலுக்கி எடுத்து, விழுந்த பெயரை வைத்துக்கொள்வோம்: கத்தரி, முருங்கை, அவரை, சௌசௌ, இப்படி எட்டு காய்கறி. எவன் எந்தக் காய் என்று ஆட்டம் முடியும்வரை சொல்லக்கூடாது. பேச வேண்டியதைக் கேம் சாட்டில் பேசு. ஹெட்போன் கட்டாயம். ஒரே அறைக்காரர்கள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக்கூடாது. சௌசௌவை மட்டும் எனக்கு ஒதுக்க வேண்டாம், மலைக்காரன் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.